நூம்பலில் ஒரு விநாடி வெளிச்சம்

மாலை நாலரைக்கு அண்ணனூரில் மின்சார ரயில் ஏறினேன். அம்பத்தூருக்கு ஐந்து ரூபாய். மடியில் துணிப்பை, அதற்குள் வாணி கொடுத்த ஃபிளாஷ் விளக்கு. பொத்தானை அமுக்கினால் ஒரே ஒரு விநாடி எரியும்.

வாணி முன்பு என் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். இப்போது அயனம்பாக்கத்தில் இருக்கிறாள். வேலை, தொலைநோக்கி வடிவமைப்பது. வானத்தில் சில வெளிச்சங்கள் தோன்றிய வேகத்திலேயே மறைந்துவிடுமாம். பெரிய குழாயைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் இவள் குழாயை அசைப்பதில்லை. உள்ளே கடுகளவுக் கண்ணாடிகள் வரிசையாக இருக்கின்றன. வெளிச்சம் எங்கே வந்தாலும் அவை மட்டும் சட்டென்று அந்தப் பக்கம் சாயும்.

இரண்டு முறை சோதித்துப் பார்த்தாள். இரண்டு முறையும் விளக்குப் போடப்போன நண்பர்கள் ஆர்வம் தாங்காமல், இந்த மாடியிலிருந்து இப்போது போடுகிறோம் என்று போன் செய்துவிட்டார்கள். இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் அந்தச் சோதனைகள் செல்லாமல் போயின. இன்றும் நடக்காவிட்டால் அலுவலகத்தில் இந்த வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

"நூம்பல்ல ஏதாவது ஒரு மொட்டை மாடி. எதுன்னு எனக்குத் தெரியக் கூடாது. நீங்கதான்க்கா யார்கிட்டயும் பேசமாட்டீங்க" என்றாள்.

மாடி ஏற யாரிடமாவது பேசித்தானே ஆகவேண்டும்?

அம்பத்தூரிலிருந்து ஆட்டோ. நூம்பலில் இறங்கும்போது ஐந்தே முக்கால். புது வீடுகளுக்கு நடுவே காலி மனைகள், புல் மேயும் மாடுகள். மூன்று வீட்டுக் கேட்டைத் தொட்டுவிட்டு, கூப்பிடாமலே நகர்ந்தேன். நாலாவது வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாள் தானாகவே கேட்டார்.

"இன்னாம்மா, டவர் வெக்க வந்துகீறியா? எங்க ஊட்ல வேணாம்."

இல்லை, மாடியில் ஒருமுறை விளக்குக் காட்டிவிட்டுப் போய்விடுவேன் என்றேன்.

"ஆருக்கு?"

"தூரத்துல ஒருத்தர் பாக்கணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா? சரி போ. கொடி கட்டிகீது, கழுத்த பாத்துக்க."

ஆறே முக்காலுக்கு இருட்டிவிட்டது. வாணி சொன்னபடி போனை அணைத்தேன். வடக்கே, அயனம்பாக்கம் பக்கம், எத்தனையோ மாடிகள். அவள் தொலைநோக்கி வைத்திருப்பது எதில் என்று தெரியவில்லை. நான் இங்கே நிற்பதும் அவளுக்குத் தெரியாது. விளக்கைத் தூக்கி அமுக்கினேன். கொடித் துணியெல்லாம் வெளுத்து, மறுபடி இருண்டது. அவ்வளவுதான். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்து போனைப் போட்டதும் வாணியிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளையாக ஒரு பொட்டு. அதன் கீழே தூக்கிய கை, பக்கத்தில் மங்கலாக, கண்களை இறுக மூடிக்கொண்ட என் முகம். உடனே வாணி அழைத்தாள். "கிடைச்சிடுச்சுக்கா" என்றாள். விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஒன்பது மணிக்கு வீடு. டியூப் லைட்டைப் போட்டேன். என் ஜன்னல் வெளிச்சம் தினமும் தெரிகிற ஒன்றுதான். அதற்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

விளக்கை வாணியிடம் திருப்பித் தர வேண்டும். கூப்பிடாமல் நான் யார் வீட்டுக்கும் போனதில்லை. நாளைச் சாயங்காலம் அயனம்பாக்கம் போகிறேன். அவளிடம் சொல்லவில்லை.