இஸ்னிக்கிலை இருந்து வந்த முகம்

இடிஞ்ச கட்டடம் பார்க்கிறதெண்டால் எனக்கு அறவே பிடிக்காது. ஊரிலை சண்டைக்குள்ளை பார்த்ததே போதும். ஆனால் மனுசி விடேல்லை. நாங்கள் இப்ப இருக்கிற வில் எண்ட ஊரிலை, எங்கடை மாடியிலேயே இருக்கிற துருக்கிப் பொம்பிளை ஒருத்தி, தங்கடை பக்கத்திலை இஸ்னிக் எண்டொரு பழைய ஊர் இருக்கு, டைலிலை பூ வரையிறதுக்குப் பேர்போன இடம் எண்டு சொல்லிச் சொல்லியே அவவைக் கிளப்பிவிட்டிட்டா. லீவு போட்டு வெளிக்கிட்டம்.

இஸ்னிக்கிலை முதல் நாள் மத்தியானம் கல்லாலை கட்டின பழைய கூத்தரங்குக்குப் போனம். சனமே இல்லை. வெயில் கொளுத்துது, ஆனால் படிக்கட்டுக்குக் கீழை இருக்கிற இருட்டு வளைவுக்குள்ளை இருந்து குளிர் வருது. நான் ஒருக்கா இருமினன். கொஞ்சம் பிந்தி உள்ளுக்கை ஆரோ இருமிச்சினம். என்ரை இருமல்தான் எண்டு தெரியும், தெரிஞ்சும் பயந்திட்டன்.

அங்கை நிண்ட காவல்காரர் ஜெர்மனியிலை வேலை செய்தவராம். இந்த இடத்தைத் தோண்டேக்கை மனிசரின்ரை எலும்பு குவியல் குவியலாய் வந்தது எண்டார்.

“ஆரெண்டு கண்டுபிடிச்சினமோ?” எண்டு மனுசி கேட்டா.

அந்தாள் கையை விரிச்சுது. மனுசி கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வெளியிலை நடந்தா.

அவவுக்கு ஒரேயொரு தம்பி. ஊரிலை கடைசிச் சண்டை முடிய, ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸிலை ஏத்தினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். இறக்கினதைக் கண்ட ஆக்கள் இல்லை. செத்தவையின்ரை படத்துக்குத்தானே நாங்கள் மாலை போடுறது? பாடன் எண்ட ஊரிலை இருக்கிற அவவின்ரை சித்தி தன்ரை வீட்டிலை அவன்ரை படத்துக்கும் போட்டிருந்தா. என்ரை மனுசி எல்லாருக்கும் முன்னாலை அதைப் பிய்ச்செறிஞ்சா. “என்ரை தம்பி இருக்கிறான்!” எண்டு கத்தினா. அண்டையோடை அந்த வீட்டுக்குப் போக்குவரத்து இல்லை.

பின்னேரம் ஒரு டைல் பட்டறைக்குள்ளை போனம். வரையிற பொம்பிளைக்கும் கொஞ்சம் ஜெர்மன் தெரியும். மனுசி கைப்பைக்குள்ளை இருந்து தம்பியின்ரை படத்தை எடுத்து, இதை வரைஞ்சு தருவீங்களோ எண்டு கேட்டா. அவ அதைப் போனிலை படம் பிடிச்சா. வரைஞ்சு சூளையிலை சுட நாள் எடுக்கும், தபாலிலை அனுப்பிறன் எண்டா.

நாங்கள் திரும்பி வந்து மூண்டு கிழமையாலை பார்சல் வந்தது. மனுசி வேலையிலை. நான்தான் பிரிச்சன். நீல நிறக் கோடுகளாலை வரைஞ்ச தம்பி, தண்ணிக்கு அடியிலை கிடந்து மேலை பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். அது போதாதெண்டு முகத்தைச் சுத்திச் சிவப்புப் பூ. நெருக்கி நெருக்கி, அச்சொட்டாய் மாலைதான்.

ஐயோ, இவ கண்டால் செத்திடுவாவே! டைலை அலுமாரிக்குள்ளை ஒளிச்சுப்போட்டு, வந்த கோவத்துக்கு அந்தப் பட்டறைக்குப் போன் எடுத்தன். “உங்களை ஆர் பூப் போடச் சொன்னது?” எண்டு கத்தினன்.

“உங்கடை மனுசிதான்,” எண்டா அவ. “அடுத்த நாள் காலமை, நீங்கள் நித்திரை எண்டு சொல்லித் தனிய வந்தவ. முகத்தைச் சுத்திப் பூ வேணும், ஒரு இடமும் விடுபடக்கூடாது எண்டு விரலாலை கீறிக் காட்டினவ.”

நான் போனை வைச்சிட்டன்.

மனுசி வந்து சப்பாத்தும் கழட்டேல்லை, “பார்சல் வந்ததோ?” எண்டு கேட்டா. எடுத்துக் குடுத்தன். கதிரையிலை இருந்து மடியிலை வைச்சு, ஒவ்வொரு பூவாய்த் தடவினா.

“என்ரை கையாலை அவனுக்கு மாலை போட ஏலாதப்பா,” எண்டா. “அதுதான் அவவைப் போடச் சொன்னனான்.”