ரெண்டு மடங்கு அழுகல்

அன்று குன்னத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்குத் தெரியாது, அக்கா மாத்திரையை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது என்று. அவள் வீட்டு வாசலெல்லாம் சின்ன வெங்காய மூட்டை. அந்தக் காரநெடி, அந்தச் செம்மண் புழுதி! இப்போது அவள் மகனோடு திருப்பூரில். எந்தச் சந்தையில் அந்த நெடி மூக்கில் ஏறினாலும் எனக்கு அவள் குரல்தான் கேட்கிறது.

"தலை கிறுகிறுங்குதுடி," என்று செல்போனை நீட்டினாள். அவள் பல வருடமாகச் சாப்பிடும் ரத்தக்கொதிப்பு மாத்திரையால் ஏதோ ஓர் அபூர்வ நோய் வரும் ஆபத்து இரண்டு மடங்காம். சிவப்பு எழுத்தில் செய்தி. கடைசி வரி வரை தேடினேன். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? அது மட்டும் இல்லை.

"டாக்டரக் கேட்டியாக்கா?"

"பேப்பர்காரன் பொய்யா போடுவான்? ஒனக்கென்ன, அரியலூர்ல ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து கவித எழுதறவ."

நான் பதிலுக்குப் பாய்வதற்குள் வெங்காய வியாபாரி வந்துவிட்டார். ஒரு மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி உதட்டைப் பிதுக்கினார்.

"என்னாக்கா, போன தடவைக்கு ரெண்டு மடங்கு அழுகல். வெலையப் பாத்துச் சொல்லுங்க."

கிறுகிறுப்பு எங்கே போனதோ, அக்கா எழுந்துவிட்டாள். "கொட்டுங்க மூட்டைய."

சந்தேகம் வந்தால் தார்ப்பாயில் கொட்டி, எதிரெதிரே உட்கார்ந்து, இருவருமாக அழுகலைப் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பொறுக்கினார்கள். நாலே காய்.

"போன தடவ ரெண்டு, இப்ப நாலு. ரெண்டு மடங்குதான், யாரு இல்லன்னா? மிச்ச மூட்ட முழுக்க நல்ல காயி கெடக்கே, அத யாருய்யா சொல்லுவா?"

"ஒங்ககிட்ட வாய் குடுத்து மீள முடியுமாக்கா," என்று சிரித்தபடி அவர் அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார்.

நான் செல்போனை எடுத்து அவள் முன் வைத்தேன். "இந்தச் செய்தி போட்டவன மட்டும் ஏன்க்கா கொட்டிக் காட்டச் சொல்லல?"

முறைத்தாள். பிறகு தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்சவன் எழுதுனதாச்சே. கொட்டிப் பாக்கணும்னு தோணலடி."

மறுநாள் காலை பெரம்பலூரில் டாக்டர் அழுத்தம் பார்த்துவிட்டுக் கத்தினார். அக்கா அசரவில்லை, எத்தனை பேருக்கு எத்தனை என்று அவரிடமே கேட்டாள்.

"என் சர்வீஸ்ல அந்த நோயோட ஒருத்தரும் வரலம்மா. மாத்திரைய நிறுத்திட்டுக் கைகால் வுழுந்து வந்தவங்க நெறைய பேரு."

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் வைத்திருந்த குடத்துத் தண்ணீரைச் சாய்த்து, வீடுவரை காத்திராமல், அங்கேயே நின்று மாத்திரையை விழுங்கினாள்.