ஒருமையா, பன்மையா?

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது என் அக்காவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

மாணவர்கள் போன் செய்து ஆங்கிலச் சந்தேகம் கேட்கும் நிறுவனம் ஒன்றில் அக்காவுக்கு வேலை. இலக்கணம், அருஞ்சொல், பாடத்தில் வரும் கவிதை, எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அத்தானும் ஆறு வயது மகனும் விபத்தில் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அழவே இல்லை. மரக்கட்டை மாதிரி வேலைக்கு வருவாள். தன் சின்னக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டுவாள். பதில் சொல்வாள். போவாள்.

அன்று மதியம் மூன்று பதினாறு. ஒரு சிறுமியின் குரல்.

"மிஸ், நானே வாக்கியம் எழுதியிருக்கேன். சரியான்னு பாருங்க."

"படிம்மா."

"'தி டீச்சர் இஸ் சிட்டிங் இன் எ ஸ்மால் ரூம்.'"

"சரி."

"'ஹர் டீ இஸ் கோல்ட்.'"

அக்கா மேசையைப் பார்த்தாள். டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. யார் மேசையில்தான் ஆறிய டீ இல்லை...

"சரி. அடுத்தது?"

"'ஹர் பென் இஸ் ஃபாலிங்.'"

டக்.

பேனா தரையில் உருண்டது. மணி மூன்று இருபத்தொன்று. அவளுக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

"'சம்படி ஆர் ஸ்டாண்டிங் பிஹைண்ட் ஹர்.'"

பழக்கதோஷம். வாய் தானாகத் திருத்தியது.

"'சம்படி'ன்னா ஒருமை. 'ஆர்' வராது, 'இஸ்'தான்."

"ஒருத்தர் இல்ல மிஸ். ரெண்டு பேர் நிக்கிறாங்க."

ஸ்ஸ்... பின்கழுத்தில் மூச்சு.

ரெண்டு பேர்! மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது.

"ஒருத்தர்... சின்னப் பையனா?"



"இல்ல மிஸ். ரெண்டு பேரும் உங்கள மாதிரியே இருக்காங்க."

அவள் திரும்பவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

ஓடினாள்.

தெருமுனையில் நின்றபடி எனக்குப் போன் செய்தாள். என் கடை பக்கத்திலேயே. மூன்றரைக்கு நான் அவளருகில் இருந்தேன்.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்து, அந்த அழைப்பின் பதிவைப் போட்டார். சிறுமியின் குரல் அதில் இருக்காது என்றுதான் நினைத்தேன். இருந்தது. மூன்று இருபத்தைந்துக்குக் கதவு அறைந்த சத்தமும் இருந்தது.

"இதுக்கப்புறம் கேளுங்க," என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

பதிவு இன்னும் நாற்பது நிமிடம் ஓடியது.

அந்த நேரமெல்லாம் அக்கா தெருவில், என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

பதிவில் அக்காவின் குரல், நிதானமாக, அந்தச் சிறுமியின் வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தது.