ரெஜினா அக்காவை நாங்கள் அழைக்காத மாதங்கள்

காலைக் கூட்டத்துக்கு எழுந்து நின்றபோது சூசை அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. ரெஜினா அக்காவின் கணவர் அவர். அக்காவின் சிகிச்சைக்காக இருவரும் கொழும்பில் அவருடைய தங்கையார் வீட்டில் தங்கியிருந்தார்கள். "விடியப்புறம் எங்களை விட்டிட்டுப் போயிட்டா, தம்பி. கஷ்டப்படேல்லை. நித்திரையிலதான்." அக்கா நோவு பட்டது போதும் என்று முதலில் மனம் ஆறியது. உடனேயே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை மாதமாக நாங்கள் ஒருவரும் அக்காவோடு பேசவில்லையே, எங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாரோ?

இந்த நினைவுமலரை வாசிக்கும், அக்காவை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் ஒரு வாடகை வீட்டிலிருந்து மென்பொருள் செய்யும் எங்கள் சின்னக் குழுவில் அவருக்கு ஸ்க்ரம் மாஸ்டர் என்று பதவி. "எந்தப் பள்ளிக்கூடத்தில மாஸ்டர்?" என்று கடற்றொழிலாளியான அவருடைய அப்பாவே கேட்டாராம். "படிப்பிக்கிற மாஸ்டர் இல்லையப்பா. வேலைக்குக் குறுக்க கிடக்கிறதைத் தூக்கி அங்கால போடுற ஆள்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

அஜைல் என்ற எங்கள் வேலை முறையில் தினமும் காலையில் எல்லோரும் நின்றபடி, என்ன முடிந்தது, எங்கே மாட்டுப்பட்டிருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். நாங்களோ அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாடம் ஒப்புவித்தோம். மூத்தவர் நிற்கும் இடத்தில் வேறு யார் முகத்தைப் பார்ப்பது? ஒருநாள் அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். நாங்கள் விட்டோமா? முதுகைப் பார்த்து ஒப்புவித்தோம். "என்ர முதுகில என்ன எழுதிக் கிடக்கு? தர்ஷினி மாட்டுப்பட்டிருக்கிறா எண்டால் அவவைப் பாத்துக் கேளுங்கோவன்" என்றார், திரும்பாமலே. நாங்கள் எங்களுக்குள் பேசப் பழகும்வரை அவர் திரும்பவேயில்லை.

என்னோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார். குழுவில் மூத்த நிரலாளன் நான். யாரைக் கேட்டாலும் பதில் என் வாயிலிருந்து வந்துவிடும். "நீர் பொறும். அவைக்கு வாயில்லையோ?" என்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும்: "என்ன வேணும் எண்டு சொல்லுறது வாடிக்கையாளரின்ர வேலை. எவ்வளவு ஏலும் எண்டு சொல்லுறது உங்கட வேலை. ரெண்டையும் நான் செய்தால் நீங்கள் என்னத்துக்கு?"

கொழும்புக்குப் புறப்படுமுன் ஒரே ஒரு கட்டளை போட்டார். "வேலை விசயமா எனக்கு ஒருத்தரும் போன் எடுக்கக் கூடாது." சுகம் கேட்க எடுத்தாலும் பேச்சு வேலையில்தான் போய் முடியும், எங்களை எங்களுக்குத் தெரியாதா? அதனால் அண்ணையிடம் மட்டும் விசாரித்துக்கொண்டோம்.

சோதனையும் வந்தது. கனடாவில் கடைகள் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு விற்பனை மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். முடியும் தறுவாயில், "பொங்கலுக்கு முதல் இதுகளும் வேணும்" என்று புதிதாக ஒரு வேலைக் குவியலை இறக்கினார். ஊர்ப் பெரியவருக்கு ஏலாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "அக்காவைக் கேப்பமே?" என்றாள் தர்ஷினி. என் விரல் அக்காவின் இலக்கத்தின் மேல் நின்றது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காணொளிக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்குமுன் தர்ஷினியே சொன்னாள். "அங்கிள், எல்லாம் ஒரேயடியா ஏலாது. எது முதல் வேணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ." மனிதர் தன் பட்டியலைத் திரும்ப வாசித்தார். "வீட்டுக்குச் சாமான் அனுப்புற பகுதி முதல் வரட்டும், பிள்ளை. மிச்சம் பிறகு பாப்பம்." அப்பாடா என்றிருந்தது. அதை அக்காவிடம் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

எங்கள் ஊரில் நோயாளியை விசாரிக்காதவனோடு பேச்சையே முறித்துக்கொள்வார்கள். அந்தப் பயத்தோடுதான் அடக்கத்துக்குப் போனேன். சேமக்காலையில் குழிக்கு மண் போட்டு எல்லாம் முடிந்தபின் சூசை அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொரு நாளும் எழும்பினவுடன போனைப் பாப்பா, தம்பி. 'அதுகள் எடுக்கேல்லை' எண்டு சொல்லிச் சிரிப்பா. 'கோபமோ?' எண்டு ஒருநாள் கேட்டனான். 'விசர்க்கதை கதைக்காதேங்கோ, எடுத்தால்தான் எனக்குக் கவலை' எண்டவ."

அங்கேயே நின்று அழுதேன். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்க, நிம்மதியாக அழுதேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, தெரிந்த பதிலையும் சொல்லாமல் பொறுத்திருக்கும் சில நொடிகளைத்தான். இன்றும் அவை எனக்குப் பெரும்பாடு. ஆனால் அந்த நொடிகளில்தான் பக்கத்தில் நிற்பவர் பேசத் தொடங்குகிறார்.