நிவாரணம் என்று நாங்கள் பெயர் வைத்தவன்

தோள் போன வருடத்துக் கோடையில் நான் பகலில்தான் கனவு கண்டேன். வலிக் குளிசை ஒன்றைப் போட்டுக்கொண்டு செற்றி மெத்தையில் சரிந்தால், எதிரே ரீவியில் ஒரு பச்சை நிலம் விரிந்து கிடக்கும். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீடு பதினோராவது மாடி. யன்னலால் வரும் வெயில் அந்தப் பச்சையின்மேல் விழ, மைதானம் எது, வீட்டு நிலம் எது என்று தெரியாத ஒரு நிலைக்கு நான் போய்விடுவேன். யாரோ ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் நான் ஒரு சின்ன நித்திரை கொண்டு எழும்பியிருப்பேன்.

பதினெட்டு வருடம் மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவன் நான். விமானத்தின் வயிற்றுக்குள் முழந்தாளில் நின்று, ஓடும் பெல்ற்றில் வரும் பெட்டிகளை வாங்கி, தலைக்கு மேலே கூரை முட்ட அடுக்க வேண்டும். அந்த வருடம் பனிக்காலம் முடியும் நேரம், ஒரு கறுப்புப் பெட்டியை உயர்த்தும்போது வலது தோளுக்குள் ஏதோ அறுந்தது. சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பக்கத்தில் நின்றவன் அடுத்த பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தான்.

பேஸ்போல் எனக்குப் பிடித்த விளையாட்டு இல்லை. கிரிக்கெற்றில் வளர்ந்தவனுக்கு அது ஒரு கஞ்சத்தனமான விளையாட்டாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய நிலத்தை வைத்துக்கொண்டு ஒரு மூலைக்குள்தான் அடிக்க வேண்டுமாம். ஆனால் மத்தியானத்தில் ரீவியில் அதுதான் ஓடியது, ரிமோட் எட்டாத தூரத்தில் கிடந்தது. இப்படித்தான் எனக்கு அதில் பற்று வந்தது.

ஒரு நாள், ஆட்டம் முடியப்போகிற நேரம், மைதானத்தின் பின்வேலியில் ஒரு கதவு திறந்தது. உயரமான ஒருவன் தனியே நடந்து வந்தான். சனம் முழுவதும் எழும்பி நின்றது. அவன் பந்தெறிகிற மண்மேட்டில் ஏறி, முதல் பந்தை எறிவதற்கு முன் வலது கையை நேரே மேலே உயர்த்திப் பிடித்தான். உடனே பார்த்துக்கொண்டிருந்த ஆயிரமாயிரம் பேரும் தங்கள் வலது கையை உயர்த்தினார்கள். அறிவிப்பாளர் "ரிலீஃப்", "ரிலீஃப்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்த மனைவி, கையில் தேத்தண்ணியோடு நின்று பார்த்தாள்.

"ஆர் உவன்? சனமெல்லாம் எழும்பி நிக்குது?"

"நிவாரணம்," என்றேன், எல்லாம் தெரிந்தவனைப்போல.

எங்களுக்குத் தெரிந்த ரிலீஃப் அது ஒன்றுதான். ஊரில் போரால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் அட்டையோடு வரிசையில் நின்று வாங்கியது.

"மாவோ, பருப்போ குடுக்கிறான்?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அவளுடைய தேத்தண்ணி செற்றியில் ஊற்றுப்பட்டது. தோள் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு. அன்றிலிருந்து அவனுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். "நிவாரணம் வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டுதான் அவள் சப்பாத்தைக் கழற்றுவாள்.

குளிசை மயக்கத்தில் அவன் என்னோடு வரிசையில் நின்றான். நீலத் தொப்பி, கையில் நிவாரண அட்டை. மாவுக்குப் பதிலாகப் பெல்ற்றில் பெட்டிகள் வந்தன. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் அவற்றை வாங்கி வாங்கி மேலே வைத்தோம், ஒரு பெட்டிக்கும் பாரம் இல்லை. விழித்தபோது கை மரத்துப்போயிருந்தது.

ஆனி மாதம் ஒரு பந்தை எறிந்துவிட்டு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். முகம் சுளிக்கவில்லை. அந்த நிதானம் எனக்குத் தெரிந்த நிதானம். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன்: அவன் கைக்கும் என் கைக்கும் சேர்த்து ஒரே தேங்காய். அவன் திரும்பி வருகிற நாளில் நானும் வேலைக்குத் திரும்புவேன். மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால், தேங்காயிலும் மிச்சம் பிடிக்கிறீர்களோ என்று கேட்டிருப்பாள்.

அவளுக்குச் சொன்னது வேறு. ஒவ்வொரு கிழமையும் கைக்குப் பயிற்சி எடுத்துவிட்டு நான் பிசியோவால் வந்ததும் கேட்பாள், "இப்ப எவ்வளவு உயருது?" நெஞ்சுவரை, தோள்வரை, காதுவரை என்று நான் கையைப் பொய்யாலே உயர்த்திக்கொண்டு போனேன். உண்மையில் அது நெஞ்சைத் தாண்டவே இல்லை. பாரமில்லாத வேலை தரலாம் என்று சுப்பவைசர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. மேசையில் இருந்து பெட்டிக்கு ஒட்டுத்தாள் ஒட்டுவதா? பயமாக இருந்தது, அதுதான் உண்மை. பெட்டி தூக்காத என்னை எனக்கே தெரியாது. கோடை முடியப்போகிற ஒரு நாள் சுப்பவைசரை அழைத்து, வருகிற திங்கட்கிழமை பழைய வேலைக்கே வருகிறேன், கை சுகம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் பகல், நிவாரணம் ரீவியில் தோன்றினான். மைதானத்தில் இல்லை, ஒரு மேசைக்குப் பின்னால், சாதாரணச் சட்டையில். முழங்கை இனிச் சரிவராது, அணியை விட்டுப் போகிறேன் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். இடக்கையால் ரிமோட்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன். "கோழை!" என்று கத்தினேன். வெறும் வீட்டில் நான் அப்படிக் கத்தியது எனக்கே வெட்கமாகிவிட்டது.

மனைவியோடு வேலை செய்கிற ஒருத்தி இரண்டு டிக்கெற் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமை பின்னேர ஆட்டத்துக்கு முன் அவனுக்குப் பிரியாவிடை. எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் போனேன். ரயிலால் இறங்கிச் சனத்தோடு சனமாக நடந்து உள்ளே போனால், நான் செற்றியில் கிடந்து பார்த்த அந்தப் பச்சை அங்கே உண்மையாகவே விரிந்து கிடந்தது. அரங்கத்தின் மடங்குகிற கூரை திறந்திருந்தது. வெயில் அதன்மேல் அதே மாதிரி விழுந்தது. விழித்திருக்கிறேனா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவனுடைய இலக்கம் போட்ட சட்டையோடு, அழுத கண்ணோடு இருந்தாள். மனைவி சும்மா இருக்காமல் எங்கள் பெயர்க் கதையை அவளுக்குச் சொன்னாள். அந்தப் பெண் அழுகையோடு சிரித்தாள். பிறகு, அது அப்படி இல்லை என்று விளக்கினாள். எறிந்துகொண்டிருக்கிறவனுக்குக் கை களைத்துவிடும். அணியை நடத்துகிறவர் மெதுவாக நடந்து போய் முன்னால் கையை நீட்டுவார். அவன் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போய் ஓரத்தில் இருப்பான். அதற்குப் பிறகுதான் கதவு திறந்து இவன் வருவான். களைத்தவனுக்கு ஆறுதல், அதுதான் அந்தப் பெயர்.

"போறவனை ஒருத்தரும் ஏசமாட்டினமோ?" என்று மனைவி என்னிடம் தமிழில் கேட்டாள். நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கை தட்டுவோம்," என்றாள் அந்தப் பெண். "பந்தைக் கொடுக்கமாட்டேன் என்று நிற்கிறவன்மீதுதான் எங்களுக்குக் கோபம் வரும்."

அப்போது பின்வேலிக் கதவு திறந்தது. அவன் நடந்து வந்தான், வீட்டுக்குப் போகிற ஒருவனைப்போல அவசரமில்லாமல். மேட்டில் ஏறினான். கையில் ஒரு பந்து கொடுத்தார்கள், எறிவான் என்று எல்லோரும் பார்த்திருந்தோம். அவன் எறியவில்லை. இறங்கிப் போய், பந்து பிடிக்கிறவனின் கையில் அதை வைத்தான். பிறகு ஒருவர் தொடங்க, அவ்வளவு சனமும் எழும்பி வலது கையை உயர்த்தியது.

நானும் எழும்பினேன். கையை உயர்த்தினேன்.

"ஏனப்பா இடக்கையைத் தூக்குறியள்?" என்றாள் மனைவி.

நான் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வலக்கையைத் தூக்குங்கோ பாப்பம்."

"சனம் பாக்குது."

"சனம் அவனைப் பாக்குது. நீங்கள் தூக்குங்கோ."

தூக்கினேன். நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிட்டது. சுற்றிவர இருந்த அத்தனை கைகளுக்குக் கீழே, அவள் என் கையையே பார்த்தாள்.

"காதுவரை எண்டு சொன்னியள்."

"ஓம்."

"எப்பவாவது வந்ததோ?"

"இல்லை."

அவள் இருக்கையில் இருந்துவிட்டாள். ஆட்டம் தொடங்கி மூன்று சுற்று முடியும்வரை வாய் திறக்கவில்லை. அவளுடைய கோபம் எனக்குத் தெரியும். சத்தமில்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

"திங்கட்கிழமை உந்தக் கையோடயோ போகப் போறியள்?" என்றாள் கடைசியில். "பெட்டி வழுக்கினா பக்கத்தில குனிஞ்சு நிக்கிறவன்ர தலையிலதானே விழும்? அவனுக்கும் ஒரு வீடு இருக்கெல்லோ?"

இதை நான் நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டுத் தள்ளி வைத்திருந்தேன். அவள் சொன்னபோதுதான், என் பக்கத்தில் நிற்கிறவனின் வழுக்கைத் தலை கண்ணுக்குள் வந்தது.

"வேலைக்குப் போகாட்டி நான் என்ன செய்யிறது?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "உம்மட்ட நிவாரணம் வாங்கித் திண்டுகொண்டு இருக்கிறதோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினெட்டு வருசம் நீங்கள் தூக்கின பெட்டியிலதான் எங்கட வீடு சாப்பிட்டது. அப்ப நானும் நிவாரணமோ வாங்கித் திண்டனான்?"

கீழே யாரோ நல்ல அடி ஒன்று அடித்தார்கள்போல, சனம் கத்தியது. அந்தப் பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் காரை அவள்தான் ஓட்டினாள், நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு விமானம் வீதியின் குறுக்கே தாழப் பறந்து போனது. அதன் வயிற்றை நிமிர்ந்து பார்த்தேன். உள்ளே இப்போது யார் முழந்தாளில் நின்றிருப்பான் என்று யோசித்தேன்.

சுப்பவைசரின் அறையில் அதிகம் நேரம் எடுக்கவில்லை. கை சுகம் என்று சொன்னது பொய், இனிப் பெட்டி தூக்க என்னால் ஏலாது என்றேன். அவர், விமானங்கள் நிற்கிற இடத்துக்குள் போகிற பாஸை மேசையில் வைக்கச் சொன்னார். அதிலிருந்த படத்தில் எனக்குத் தலைமயிர் நிறைய இருந்தது. வைத்தேன். வெளியே பெல்ற்றுகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றும் நிற்கவில்லை.

காருக்குள் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. தோள் அறுந்த நாளில்கூட நான் அழவில்லை. குழந்தைப்பிள்ளை மாதிரி, மூக்கு வழிய அழுதேன். அவள் கார்த் திறப்பைத் துவாரத்தில் போட்டாள், ஆனால் காரை எடுக்கவில்லை. நான் அழுது முடியும்வரை இரண்டு பேரும் அந்தப் பார்க்கிங்கில் இருந்தோம்.