கூண்டு இறக்கும் நாளில் ஒலிவினின் போன்

ஒலிவின் என்ற பெயரை அடேல் முதன்முதலில் கேட்டது அம்மாவின் சமையலறையில், மாவு ஒட்டிய கையோடு நின்றபோது. தம்பி உர்பேன் கதவருகே நின்று, தொப்பியைக் கழற்றாமலே, ஒலிவினைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றான். இந்தக் கரையில் வெறும் பெயரைச் சொன்னால் ஆள் பிடிபடாது. ஒரே சாலையில் ஒலிவின்கள் மூன்று பேர் இருந்தார்கள். அப்பன் பெயரும் அப்பனைப் பெற்றவன் பெயரும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

"எந்த ஒலிவின்டா?" என்றாள் அம்மா.

"சிப்ரியான் மகன் தெலஸ்ஃபோரோட பொண்ணு."

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தெலஸ்ஃபோர் சிங்கி இறாலுக்குப் போனவன்; படகு கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. சேதி தெரியாத அந்த நாட்களில் அவன் பெண், சின்னக் குழந்தை, ஜன்னலை விட்டு நகரவில்லை, சாப்பிடவும் இல்லை என்று ஊரே சொல்லும்.

"அவளா? கடல்காரன் பொண்டாட்டின்னா காத்திருக்கத் தெரியணுமேடா."

"கடல்காரனை விட்டா இங்க வேற யாரும்மா இருக்கா, அவளைக் கட்டிக்க?"

கல்யாணம் நடந்தது. யானிக் பிறந்தான். அடேலின் வீடும் தம்பி வீடும் பக்கத்துப் பக்கத்தில். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கயிற்றில் துணி காயப்போட்டார்கள், ஒருத்தி சட்டியை இன்னொருத்தி கேட்காமல் எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் ஒலிவின் காத்திருந்தது எல்லாப் பெண்களும் காத்திருப்பதுபோலத்தான். ஜன்னலைப் பார்ப்பாள், கெட்டிலை வைப்பாள், மறுபடி ஜன்னலைப் பார்ப்பாள்.

பிறகு போன் வந்தது. கடலில் போகும் படகுகளையெல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் காட்டும் வரைபடம் ஒன்று அதில் உண்டு. கரைப் பெண்களுக்கென்று முகநூலில் ஒரு குழுவும் உண்டு. ஒலிவினுக்கு ஜன்னலே கைக்குள் வந்தாற்போல் ஆயிற்று. கோயிலில் பாட்டுப் புத்தகத்துக்குள் போன், உருளைக்கிழங்கு உரிக்கும்போது மடியில் போன். முக்கோணம் நின்றால் மூச்சு நிற்கும். நின்ற படகைப் பற்றிக் குழுவில் எழுதுவாள். உடனே நாற்பது பேர் பதில் எழுதுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருமுறை சிரில் என்பவன், தன் மீன்பிடி இடம் மற்றவனுக்குத் தெரியக்கூடாதென்று முக்கோணத்தை அணைத்து வைத்தான். படகைக் காணோம் என்று ஒலிவின் எழுத, தேட நாலு படகு போய், சிரிலின் ரகசிய இடம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. அவன் இன்றைக்கும் அவள் பக்கம் முகம் திருப்புவதில்லை.

அதுவரை அது சிரிக்கிற கதை. யானிக் அப்பனோடு கடலுக்குப் போக ஆரம்பித்த இரண்டாம் வருடம் சிரிப்பு நின்றது.

நவம்பர் கடைசியில் பருவம் திறக்கும் முதல் நாள், எல்லாப் படகும் சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளை மலையாக அடுக்கிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பும். வருடத்தில் அதைவிடக் கெட்ட நாள் கிடையாது. கூண்டு விழ விழப் பின்னாலேயே கயிறு தளத்தில் பாம்பாக ஓடும். கால் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பு ஆகாது. அன்று உர்பேனின் படகு கரைக்கு எதிரிலுள்ள தீவுப் பக்கம் நின்றது. முக்கோணம் நிற்கிறதைப் பார்த்த ஒலிவின் மகனுக்கு எழுதினாள்: ஏன் நின்னுட்டீங்க? பதில் இல்லை. மறுபடி எழுதினாள். யானிக் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கயிற்றுச் சுருக்கு அவன் காலைப் பிடித்து இழுத்தது. பூட்ஸ் கழன்று போனதால் பையன் தப்பினான்.

உர்பேன் அன்று வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த ஒற்றைப் பூட்ஸைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான்.

"இதோட ஜோடி கடலுக்கு அடியில இருக்கு. உன் ரெண்டாவது மெசேஜ் வந்த நேரத்துக்குப் போச்சு."

ஒலிவின் அழவில்லை. மகனின் கணுக்காலில் தோல் உரிந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் வாந்தி எடுத்தாள்.

போனை விடுவது என்பது சொல்லுகிற மாதிரி இல்லை. ரொட்டிப் பெட்டியில் போட்டு மூடினாள். ரொட்டி எடுக்கிற சாக்கில் திறந்தாள். வானிலை மட்டும் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து வரைபடத்தில் போய் நின்றாள். ஒருநாள் கோயிலுக்குப் பின்னால் காரை நிறுத்தி, திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளை அடேலே பிடித்தாள்.

"ஏண்டி, கள்ளப் புருஷனைப் பார்க்க வந்தவ மாதிரி இங்க உக்காந்திருக்கே?"

"அவனா இருந்தா விட்டுடுவேன் அக்கா."

குழுவிலிருந்து விலகினாள். அது ஊருக்குப் பொறுக்கவில்லை. "மடத்துல சேரப் போறாளாம்" என்று கடையில் கிளாடிஸ் சத்தமாகவே சொன்னாள். அந்தக் குழுவை நடத்துகிறவள் கிளாடிஸ்தான். வசந்தத்தில் பருவம் முடியும்வரை ஒலிவின் நாலு தரம் மனம் தவறி வரைபடத்தைத் திறந்தாள், நாலு தரமும் தானே வந்து நாத்தனாரிடம் சொன்னாள். அடுத்த நவம்பர் நெருங்கியதும் போனை அணைத்து அடேலிடம் கொடுத்தாள்.

"கூண்டு இறக்கி முடியறவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் தராதீங்க. காலைப் பிடிச்சாலும்."

அந்த நாள் வந்தது. இருட்டோடு துறைக்குப் போய் ஆண்களை அனுப்பிவிட்டு, இருவரும் அடேலின் சமையலறையில் ராப்யூர் செய்ய உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, கோழிச்சாறு ஊற்றி, அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் சுட வேண்டும். கைக்கு வேலை வேண்டியவர்களுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. ஒலிவின் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். தென்கிழக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு முன் அடேலின் ஏப்ரனுக்குள் அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது. திரும்பி நின்று பார்த்தாள். குழுவில் கிளாடிஸ் எழுதியிருந்தாள்: கடலில் ஆள் விழுந்துவிட்டான், தீவுக்கு வெளியே. அடுத்து: உர்பேன் படகிலாம். அதன் கீழே கூப்பிய கைகளும் மெழுகுவத்திகளுமாகப் படங்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன.

"விறகு எடுத்துட்டு வரேன்" என்று அடேல் வெளியே போனாள்.

விறகுக் கொட்டகைக்குள் போய்ப் போனைத் திறந்தாள். உர்பேன் கடலுக்குப் போன் கொண்டுபோகிறவன் இல்லை. யானிக்கிடம் உண்டு. அவன் பெயரைத் தேடி எடுத்தாள். இத்தனை காலம் தம்பி மனைவியைக் கிண்டல் செய்த அதே அடேலின் கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேலே நின்றது.

"விறகு உள்ளேயே இருக்கே அக்கா" என்றது பின்னால் குரல்.

அடேல் போனை மறைக்கப் பார்த்தாள். முகத்தை மறைக்க முடியவில்லை.

"யாரு?" என்றாள் ஒலிவின்.

"பேர் போடல. நம்ம படகுன்னு போட்டிருக்கு. ஆள் விழுந்துட்டானாம்."

"யார் பார்த்தது?"

"கிளாடிஸ் எழுதியிருக்கா."

"கிளாடிஸ் வீட்டு ஜன்னல்லேர்ந்து கடல் தெரியாது." குரல் உலர்ந்திருந்தது. மாவுச்சத்து காய்ந்த கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி நின்றாள், எதன்மீதும் படக்கூடாது என்பதுபோல.

"நான் பையனைக் கூப்பிடறேன்" என்றாள் அடேல்.

"வேணாம்."

"ஒரே ஒரு தரம்டி. எடுத்தான்னா நிம்மதி."

"எடுப்பான் அக்கா. அதான் வேணாங்கறேன். கால்கிட்ட கயிறு ஓடும்போதும் எடுப்பான். நம்ம பேரைப் பார்த்தா எடுத்துடுவான்."

"விழுந்தது அவனா இருந்தா?"

கொட்டகைக் கதவைக் காற்று அடித்துச் சாத்தியது.

"அவனா இருந்தா, மணி அடிச்சு என்ன ஆகப்போகுது?"

"உனக்கு நெஞ்சா, கல்லாடி அது?"

ஒலிவின் நாத்தனாரின் கையிலிருந்து போனை வாங்கினாள். வாங்கியவள் அதைப் பார்த்தாள், அடேல் பார்க்கவே பார்த்தாள். மகன் பெயர் திரையில் வெளிச்சமாக இருந்தது. அவளுடைய விரல் அந்தப் பெயர் வரைக்கும் போனது. பிறகு போனை அணைத்து விறகு அடுக்குக்குமேல் வைத்துவிட்டு, "வண்டிச் சாவி எங்க?" என்றாள்.

துறையில் பாதி ஊர் நின்றது. இவர்களைக் கண்டதும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். யாரோ ஒருவனின் லாரியில் கடல் வானொலி இரைந்தது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கிளாடிஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"என் கண்ணு, தைரியமா இரு. போன் பண்ணினியா? எல்லாரும் பண்ணிட்டுத்தான் இருக்கோம், எந்தப் படகுலயும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"நிறுத்துங்க" என்றாள் ஒலிவின்.

"என்னம்மா?"

"அத்தனை பேரும் நிறுத்துங்க. அவங்க கை காலியா இல்ல."

யாரும் நிறுத்தவில்லை. இரண்டொருவர் போனை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார்கள். ஒலிவின் கைகளை அக்குளில் திணித்துக்கொண்டு துறையின் நுனிக்குப் போய் நின்றாள். காற்று முகத்தில் உப்பை அறைந்தது. அடேல் பக்கத்தில் நின்றாள், ஆனால் தொடவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. கொட்டகையில் விட்டுவந்த போனுக்காக அவள் கை பரபரத்தது.

முதலில் சிரிலின் படகு வந்தது. அவன் இவர்கள் பக்கம் பார்க்காமல் கயிறு வீசினான். அவன் எப்போதுமே பார்ப்பதில்லை என்பது அடேலுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அடுத்து ஒன்று. அதற்கடுத்து உர்பேனின் படகு அலைத்தடுப்பைச் சுற்றி மெதுவாக வந்தது. காலையில் அதில் போனவர்கள் நாலு பேர். அடேல் தலைகளை எண்ணினாள். ஐந்து இருந்தது. தப்பாக எண்ணினோம் என்று மறுபடி எண்ணினாள்.

ஐந்தாவது ஆள் கம்பளிக்குள் சுருண்டிருந்தான். முன்னால் போன வேறொரு படகிலிருந்து விழுந்தவன். கடல் தள்ளி உள்ளே இருக்கும் ஊரிலிருந்து கூலிக்கு வந்தவன், இந்தக் கரையில் அவனுக்கு யாரும் இல்லை. குழுவில் அத்தனை மெழுகுவத்தி எரிந்தபோது அவன் தாய்க்கு ஒரு சொல்லும் போயிருக்கவில்லை. அவனைக் கொக்கி போட்டுப் பிடித்தவன் யானிக். கொக்கிக் கழி ஓடி அவன் உள்ளங்கைத் தோல் கிழிந்திருந்தது.

பையன் ஏணியில் ஏறி வந்து அம்மா முன்னால் நின்றான்.

"எல்லார் பாக்கெட்டும் கத்திக்கிட்டே இருந்துச்சு. என்னுது மட்டும் கம்முன்னு இருந்துச்சு. நீ செத்துகித்துப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்மா."

ஒலிவின் அவன் கையைப் புரட்டிப் பார்த்தாள். "கட்டுப் போட்டுக்கோ" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

இரண்டாம் தவணைக் கூண்டுகள் துறையிலேயே காத்திருந்தன. கட்டுப் போட்டுக்கொண்டு யானிக் மறுபடி படகில் ஏறினான். படகு கண்ணுக்கு மறைந்ததும் ஒலிவின் திரும்பினாள்.

"அக்கா, என் போனைக் குடுங்க."

"தரமாட்டேன்."

"அது அப்போ சொன்னது. இப்போ குடுங்க."

"காலைப் பிடிச்சாலும் தரமாட்டேன்."

இருவரும் துறையில், ஊர் பார்க்க, சண்டை போட்டார்கள். ஒலிவின் நாத்தனாரைச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னாள். அடேல் வாங்கிக்கொண்டாள். படகு திரும்பும்வரை ஒலிவினின் போன் அடேலின் கைப்பையைவிட்டு வெளியே வரவில்லை.

கிளாடிஸ் தான் எழுதியதைச் சாயங்காலமே அழித்துவிட்டாள்.

ஒலிவின் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். துறையில், கூண்டுக்கு இரை தயாரிக்கும் கொட்டகையில் மீன் வெட்டுகிற வேலைக்குப் போகிறாள், காலையிலிருந்து மூன்று மணிவரை; மீன் ரத்தம் படிந்த கையால் அதுவரை போனைத் தொட முடியாது.