சும்மாக்காவின் மேசை

முதலில் மேசைதான் வந்தது. அரசு மருத்துவமனையின் வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, மாடிப்படிக்குப் பக்கத்தில் அதைப் போட்டார்கள். அடுத்து, அதற்கு மேலே சுவரில் ஒரு பலகை ஏறியது. நீல எழுத்து, ஒவ்வொன்றும் கையகலம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மேசைக்குரிய அக்கா வந்தார்.

எங்கள் பட்டணத்தில் இரண்டு மொழிகள் உண்டு. எல்லாரும் பேசுவது ஊர்மொழி. ஆற்றங்கரைப் பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும் தங்களுக்குள் வேறொன்று பேசுவார்கள். அதை வீட்டுமொழி என்றே சொல்லிவிடுகிறேன். இப்படிச் சிறு கூட்டம் பேசுகிற மொழிக்காரர்களும் தங்கள் நோயைத் தங்கள் பேச்சிலேயே டாக்டரிடம் சொல்ல வழி செய்ய வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. எவ்வளவோ பேர் எவ்வளவோ காலம் மனுக் கொடுத்து, ஊர்வலம் போய்க் கிடைத்த சட்டம் அது. ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆணையமும் இருந்தது. அந்தச் சட்டத்தின்படி, நோயாளி சொல்வதை டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, இரண்டு மொழியும் தெரிந்தவர் என்று தேர்வெழுதி வந்தவர்தான் அக்கா. அதற்கு முன் ஒரு சட்டை கம்பெனியில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

வேலையில் சேர்ந்த அன்று நல்ல புடவை கட்டி, புதுப் பேனா வாங்கி வந்து உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாதம் ஒன்று ஓடியும் எதிர் நாற்காலி புதுக்கருக்கு மாறாமல் இருந்தது.

அவருடைய ஆட்கள் மருத்துவமனைக்கு வராமல் இல்லை. தினமும் வந்தார்கள். உள்ளே நுழைவார்கள், அக்காவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிச் சிரிப்பார்கள், நேராகப் போய் நீள வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வார்கள்.

டோக்கன் கொடுக்கிறவர் வாயாடி. ஜன்னல் கம்பி வழியே ஒருநாள் கேட்டார்: "என்னக்கா, என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருக்கறதுக்குக் கூட அரசாங்கத்துல போஸ்டிங் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, நானும் அந்தப் பரீட்சையவே எழுதியிருப்பேன்."

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் சும்மாக்கா. பதிவறையில் புதிதாகச் சேர்ந்திருந்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பேருக்கு ஏத்த வேலை" என்று மட்டும் சொன்னார்.

உண்மையில் அவருக்கு வேலை இருந்தது, அவர் வீட்டில். சாயங்காலம் அவர் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் ஆள் நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் மாத்திரை. எது சாப்பிடுவதற்கு முன், எது பின், டாக்டர் எதற்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், எல்லாம் அக்காதான் விளக்க வேண்டும். அப்படி வந்த பால்காரம்மாவிடம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"பகல் பூரா அங்கதானே பெரியம்மா உக்காந்திருக்கேன். இதை அங்கயே கேட்டா என்ன?"

"நீ உக்காந்திருக்கற இடம் அப்படி."

"இடத்துக்கு என்ன?"

"மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் மூஞ்சிய வச்சுத்தான் உக்காந்திருக்கு. தலைக்கு மேல மொழி உதவின்னு அம்மாம் பெரிய போர்டு. அதுக்கடியில போய் நான் உக்காந்தா, எனக்குப் பேசத் தெரியாதுன்னு நானே தமுக்கடிச்ச மாதிரி. இந்த ஊர்ல எத்தனை வருஷமா பால் ஊத்துறேன், எனக்கு என்ன தலையெழுத்தா?"

"சரி, டாக்டர் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"எல்லாத்துக்கும் ஆமான்னுட்டேன்."

"வலிக்குதான்னு கேட்டாரா?"

"ஆமான்னேன்."

"வலிக்கலையான்னு கேட்டிருந்தா?"

பால்காரம்மா கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். மரியாதைக்கு."

சிரித்துக்கொண்டேதான் இதை என்னிடம் சொன்னார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். என் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே மொழி ஊர்மொழி. ஆனாலும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அவளும் இப்படித்தான் தலையாட்டுவாள். அவளுக்கே அப்படியென்றால், இவர்களைக் கேட்க வேண்டுமா?

இந்த வெட்கத்தில் எல்லாரையும் மிஞ்சியவர் அக்காவின் சொந்த அண்ணன். இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணன் டைல்ஸ் போடுகிறவர், கைக்குக் கீழே ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். ஊர்மொழியில் அவர் பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரரே ஒரு படி இறங்குவார். திட்டுவதில் ஊர்க்காரர்களே அவரிடம் பாடம் படிக்க வேண்டும். தங்கைக்கு இந்த வேலை கிடைத்தபோது அவர் சொன்னது இதுதான்: "உனக்கு நல்லது. ஆனா அந்த மேசைப் பக்கம் என்னை எதிர்பார்க்காத. என் ஆளுங்க யாராவது பார்த்தா, மேஸ்திரிக்குப் பேச்சு வராதுன்னு சைட்டு பூரா பேசுவானுங்க."

அவர் ஊர்மொழியைக் கற்றது வேலைத்தளத்தில். சிமென்ட், கூலி, சண்டை, சமாதானம் எல்லாவற்றுக்கும் அவரிடம் வார்த்தை இருந்தது. நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்லத்தான் அங்கே யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

சில மாதங்களாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டது. கேட்டால் "தூசி" என்பார். டைல்ஸ் அறுக்கிற மெஷினிலிருந்து கிளம்புகிற வெள்ளைத் தூசி. ஒருநாள் மருத்துவமனைக்கே வந்துவிட்டார். மெலிந்துபோய், சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. தங்கையின் மேசையைத் தாண்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போனார், யாரோ ஒருத்தர் பதித்த டைல்ஸில் குறை கண்டுபிடிக்கிறவர் மாதிரி. வரிசையில் நின்றார், டாக்டர் அறைக்குள் போனார், போன வேகத்தில் வந்தார். கையில் வாயுத்தொல்லைக்கு மாத்திரை.

அன்று சாயங்காலம் அண்ணி, அதாவது அவர் மனைவி, சுவரோரம் நின்று மெதுவாகச் சொன்னார்: "கைக்குட்டையில ரத்தம் இருந்துச்சு. கேட்டா, வெத்தலைங்கறார். அவர் எப்ப வெத்தல போட்டார்?"

அந்த வாரத்திலேயே பெரிய டாக்டர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மருத்துவமனைக்கே தலைமை அவர். கெட்டவர் இல்லை. இட நெருக்கடியில் வாடிப்போனவர்.

"வர்ற வியாழக்கிழமை ஆணையத்துலேருந்து பார்க்க வர்றாங்கம்மா. யாரும் வர்றதில்லைன்னு உள்ளதைத்தான் நான் சொல்ல முடியும். உங்க ஆளுங்க நல்லாத்தானே பேசறாங்க?"

"நல்லாப் பேசறாங்க சார். டாக்டர்கிட்ட மட்டும் தலையாட்டறாங்க."

"தேவையில்லைன்னு ஆணையம் எழுதிட்டா இந்த வேலை இருக்காது. அந்த இடத்துல ஒரு எடை மெஷினாவது போடலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அக்கா வெளியே வந்து தன் நாற்காலியில் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போய், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் பால்காரம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

டாக்டர் அறைக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. ஒருவருக்கு மகள் கூடப் போவாள், இன்னொருவருக்கு மச்சான். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பால்காரம்மாவின் முறை வந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, கூடவே உள்ளே போனார். "யாரும்மா நீங்க?" என்று டாக்டர் நிமிராமலே கேட்க, "மருமக" என்றார். வெளியே வந்த பால்காரம்மா, முழங்காலுக்குச் சரியான மருந்து கிடைத்ததைவிட, இப்படிப் பாந்தமான மருமகள் கிடைத்ததில்தான் அதிகம் பூரித்துப்போனார்.

அதிலிருந்து அக்கா எல்லாருக்கும் சொந்தமானார். மீன் விற்கிறவருக்கு மகள், காவலாளிக்குத் தங்கச்சி, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு நாத்தனார். பெஞ்சில் காத்திருக்கும்போதே வீட்டுமொழியில் கதையைக் கேட்டு வைத்துக்கொள்வார். உள்ளே போய் அதை ஊர்மொழியில் கொட்டுவார். ஒருநாள் டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

"உங்களுக்கு மொத்தம் எத்தனை மாமியார்ம்மா?"

"இன்னிக்கு ரெண்டுதான் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் மேசை காலியாகக் கிடந்தது. பெரிய டாக்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது அவர் கண்ணை உறுத்தியது. புதன்கிழமை மாலை வரிசைக்கே வந்து சொன்னார்: "நாளைக்கு ஒருநாளாவது உங்க இடத்துல இருங்கம்மா. ஆளும் இல்லை, கூட்டமும் இல்லைன்னு ஆயிட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"இருக்கேன் சார்" என்றார் அக்கா. மனசார ஒத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அண்ணி வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னுட்டேன். வர்றாராம். ஆனா உன் மேசைக்கு வர மாட்டாராம்."

அண்ணன் பின்னால் நின்றார். பக்கத்து வாசலிலிருந்து நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது போலிருந்தார். அக்கா சொன்னார்: "மேசைக்கு வராத. தங்கச்சி கூட வந்தா அதுவும் கௌரவக் குறைச்சலா?"

"அதுல என்ன இருக்கு" என்றார் அண்ணன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

வியாழக்கிழமை கூட்டம் அதிகம். அண்ணனின் முறை வந்து இருவரும் உள்ளே போன நேரமும், வாசலில் ஆணையத்தின் வண்டி வந்து நின்ற நேரமும் ஒன்றாகிவிட்டன.

உள்ளே டாக்டர் கேட்டார்: "போன தடவை கொடுத்த மாத்திரை கேட்டுச்சா?" அண்ணன் தலையாட்டினார். "பசி எடுக்குதா?" தலையாட்டினார். அக்கா குறுக்கே புகுந்து வீட்டுமொழியில் அண்ணனிடம் சொன்னார்: "அண்ணே, இங்க எந்த சைட்டும் இல்லை, உன் ஆளுங்களும் இல்லை. அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு."

கதவைத் தட்டிக்கொண்டு டோக்கன்காரர் தலையை நீட்டினார். முதல்முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை. "அக்கா, ஆணையத்து அம்மா வந்துட்டாங்க. பெரிய டாக்டர் உடனே மேசைக்கு வரச் சொல்றார்."

அக்கா அண்ணனைப் பார்த்தார். அவர் வாய் அப்போதுதான் திறந்திருந்தது. இந்த வாய் இப்போது மூடினால் மறுபடி திறக்காது என்று அக்காவுக்குத் தெரியும்.

"கொஞ்சம் நேரமாகும்னு சொல்லுங்க" என்றார்.

"வேலை போயிடும்க்கா."

"தெரியும். கதவைச் சாத்திட்டுப் போங்க."

டோக்கன்காரர் சாத்திக்கொண்டு போனார். இந்தப் பேச்சை அண்ணன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார், வீட்டுமொழியில், நிறுத்தாமல். படுத்தால் நெஞ்சில் மணல்மூட்டை ஏற்றின மாதிரி இருக்கிறது, அதனால் சுவரில் சாய்ந்தே தூங்குகிறேன், மாடியில் வேலை என்றால் பொய் சொல்லி ஆட்களை அனுப்பிவிடுகிறேன், ரத்தம் வந்தது ஒருதடவை இல்லை, முகமூடி போட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று போட்டதே இல்லை. அக்கா எதையும் மறைக்காமல், எதையும் சேர்க்காமல், ஊர்மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் போன தடவை எழுதிய சீட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்து, அண்ணன் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார்.

"இதைப் போன வாரமே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். அதில் அதட்டல் இல்லை.

வெளியே காலி மேசைக்கு முன்னால் பெரிய டாக்டர் நின்றிருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஆணையத்து அம்மா. அக்கா ஓடி வந்து நின்றார்.

"உங்க இடம் இதுதானே? எங்க போயிருந்தீங்க?" என்றார் ஆணையத்து அம்மா.

அக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னாலேயே வந்த அண்ணன் அவரைத் தாண்டிப் போனார். எதிர் நாற்காலியை இழுத்தார். பலகைக்கு நேர் கீழே, மொத்தக் கூட்டமும் பார்க்க, உட்கார்ந்தார். மூச்சு வாங்கியதும் உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே பெஞ்சில் இடம் இருந்தது.

ஆணையத்து அம்மா அவரிடம் கேட்டார்: "நீங்க இங்க உதவிக்கு வந்திருக்கீங்களா ஐயா?"

இந்த ஊரில் யாரையும் நாலு வார்த்தையில் மடக்குகிற அந்த மனிதர், ஒன்றும் புரியாதவர் மாதிரி தங்கையைப் பார்த்தார். அக்கா திகைத்துப்போய், கேள்வியை வீட்டுமொழியில் சொன்னார். அண்ணன் வீட்டுமொழியிலேயே, வரிசையில் இருக்கிற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார். டோக்கன்காரர் ஜன்னலுக்குள்ளே கையிலிருந்த டோக்கனைக் கீழே போட்டார். போன மாதம்தான் டீக்கடையில் இதே ஆள் அவரிடம் ஊர்மொழியில் சில்லறைக்காகச் சண்டை போட்டு ஜெயித்திருந்தார். ஆனாலும் டோக்கன்காரர் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"என்ன சொல்றார்?" என்றார் ஆணையத்து அம்மா.

அக்கா முகம் சிவந்தது. "போன தடவை தனியா வந்தாராம். டாக்டர் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினாராம், வாயு மாத்திரை கிடைச்சதாம். இன்னிக்கு நான் கூட இருந்தேனாம், அதனால மார்ல என்னன்னு பார்க்கறாங்களாம்."

"இன்னும் ஏதோ சொன்னாரே."

"சொன்னார் மேடம்."

"அதையும் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்றதுதானே உங்க வேலை."

"என் தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராது, சமையலும் வராது, அவளை வேலையை விட்டு அனுப்பி வீட்டுல சமைக்க வச்சுடாதீங்கன்னு சொல்றார்."

பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. இரண்டு மொழி பேசுகிறவர்களும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர்கள் வீட்டுமொழிக்காரர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் அங்கே அவர்கள் எத்தனை பேர் என்று பெரிய டாக்டருக்கே தெரிந்தது. அவர் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தபடி நின்றார்.

பால்காரம்மா எழுந்து வந்தார். "எனக்கும் இவதான் வந்து சொன்னா. நான் மாமியார் முறை" என்றார்.

ஆணையத்து அம்மா வெகுநேரம் ஒவ்வொருவராக விசாரித்தார். கிளம்பும்போது பெரிய டாக்டரிடம் கேட்டார்: "ஆளை வைக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு. மேசை போட்டு, இப்படிக் காட்சிக்கு வைக்கணும்னு யார் சொன்னது?"

பெரிய டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். "மேசை எங்க ஏற்பாடு மேடம்."

இப்போது அந்த இடத்தில் எடை மெஷின் இருக்கிறது. பலகையை எடுத்துவிடக் கூடாது, வழி தெரியாமல் புதிதாக வருகிறவர்களுக்கு அது வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டதால், டோக்கன் ஜன்னலுக்குப் பக்கத்தில் அளவான எழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். அக்காவுக்கு மேசை கிடையாது. நாள் முழுக்க பெஞ்சுக்கும் டாக்டர் அறைக்குமாக நடக்கிறார். சாயங்காலம் கால் கடுக்கிறது என்கிறார்.

அண்ணனுக்கு நுரையீரலில் தூசி படிந்திருந்தது, அதோடு காசமும் சேர்ந்திருந்தது. காசத்துக்கு மருந்து கேட்கிறது. படிந்த தூசி போகாது என்று டாக்டர் அவரிடமே நேராகச் சொல்லிவிட்டார், அக்கா அதையும் குறைக்காமல் சொன்னார். அண்ணன் மெஷினைத் தொடுவதை விட்டுவிட்டார். அவருடைய ஆட்கள் இப்போது முகமூடி போடாமல் அறுத்தால் ஊர்மொழியில் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். மருந்து வாங்க வரும்போது ஜன்னலில் டோக்கன்காரர் கேட்பார்: "மேஸ்திரி, இன்னிக்குப் பேச்சு வருமா, இல்ல சும்மாக்காவைக் கூப்பிடவா?"

"கூப்பிடு" என்பார் அண்ணன், பெஞ்சில் உட்கார்ந்தபடியே.